பாதிப் போர்வை

கட்டின் அடியிலிருந்து மூன்றாவது போர்வை சூடாக இருந்தது.

முஸல்லம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பிறகு தன்னைத் தானே திட்டிக்கொண்டு மறுபடியும் உள்ளே விட்டுப் பார்த்தான். ஜனவரி மாதம். மூஸா மலையின் உச்சிக்குப் பன்னிரண்டு படி கீழே, சூரியோதயம் பார்க்க ராத்திரியில் ஏறி வருகிறவர்களுக்குப் போர்வை வாடகைக்குக் கொடுக்கும், கல் அடுக்கித் தகரம் போட்ட அவனுடைய கடைக்குள் கெட்டிலில் தண்ணீரே பனித்தோல் கட்டிக் கிடந்தது. மூலையில் கயிறு போட்டுக் கட்டிய போர்வைகளை முந்தாநாளிலிருந்து யாரும் தொடவில்லை. மேலே இருந்தவை கல்லைப் போலச் சில்லிட்டிருந்தன, கீழே இருந்தவையும் அப்படித்தான். இடையில் இருந்த பச்சைக் கோடு போட்ட ஒட்டக மயிர்ப் போர்வை மட்டும், ஆள் ஒருவன் அதற்குள்ளிருந்து இப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனது போல, முதுகுப் பக்கம் சூடாகவும் கால் பக்கம் வெதுவெதுப்பாகவும் இருந்தது.

நரியாக இருக்கும் என்று நினைத்தான். இந்த மலை நரிகள் வெட்கம் கெட்டவை. ஒரு நரி ஒரு ஜெர்மன்காரரின் இடது கால் பூட்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு போய், அளவு சரியில்லை என்று மறுவாரம் அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தது. பக்கத்து டீக்கடை சுவைலிம் அதைத் தன் கண்ணாலேயே பார்த்தவன். சுவைலிம் சொல்வதில் பாதியையாவது முஸல்லம் நம்பித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இவன் மனைவியின் தம்பி அவன்.

போர்வையை முகத்துக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்தான். நரி வாடை இல்லை. ஒட்டக வாடையும் இல்லை. அப்போதுதான் உரித்த ஆரஞ்சுத் தோலின் வாசனை வந்தது.

அவன் அதை மடித்தான். மடித்ததைக் கட்டுக்குப் பின்னால், சுவரோரமாக, கண்ணில் படாத இடத்தில் திணித்தான். மலையில் ஆரஞ்சு தின்பவர்கள் ஆயிரம் பேர் வந்து போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டான். அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் நாக்கு உலர்ந்திருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் சுவைலிம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். இரண்டு நாளாகப் பல்வலி. கிராம்பு வைத்துப் பார்த்தான், புகையிலை வைத்துப் பார்த்தான், கடைசியில் மலையடியில் இருக்கும் கிறிஸ்தவ மடத்துத் துறவி ஒருவர் ஜெபம் செய்தும் பார்த்தார். பல் இவனுடையது என்று தெரிந்ததும் துறவிக்கே நம்பிக்கை போய்விட்டதாம். கடையைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கப் போவதாகச் சொன்னான். போகிறபோக்கில் இன்னொரு செய்தியும் சொன்னான்.

"மச்சான், உன் மக இன்னைக்கு ராத்திரி மேல வர்றா. கெய்ரோ டீச்சருங்க மூணு பேரு. இதுதான் மொத தடவ, துணைக்கு ஆம்பள யாரும் இல்ல. வழியில ஒட்டகக்காரனுங்க எல்லாம் வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறானுங்களாம்."

"எதுக்குப் பொத்தணும்?"

"தொறந்தா உன் மக உள்ள கல்லப் போடுவான்னு தெரியும்ல."

முஸல்லம் சிரித்தான். அன்று அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான். ஹம்தாவுக்குப் பத்தொன்பது வயது. பெண்பிள்ளை ராத்திரியில் விருந்தாளிகளை மலைக்கு ஏற்றிக் கூட்டிவருவதா என்று பெரியவர்கள் இரண்டு மாதம் தாடியை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நின்று பேசியவன் முஸல்லம். என் மகள் தன் விருந்தாளியை விட்டுவிட்டு ஒரு அடி நகர மாட்டாள், அதற்கு நான் பொறுப்பு என்று எல்லார் முன்னாலும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். ஒரு விருந்தாளிக்குச் சளி பிடித்தால்கூடப் போதும், அவளுடைய வழிகாட்டி வேலை அத்தோடு முடிந்துவிடும். அவளோ மூன்று மாதமாக ஆட்டுப் பாதைகளிலெல்லாம் ஏறி இறங்கி, இந்த ஒரு ராத்திரிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் சொன்னான் சுவைலிம். கடற்கரை ஊரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள், இருபது பேருக்குக் குறையாது. முஸல்லத்தின் போர்வைகளில் பாதி துவைப்பதற்காகக் கீழே போயிருந்தன. மேலே இருந்தவை இருபத்து மூன்று. அவன் மனதுக்குள் எண்ணும்போது சுவரோரம் திணித்ததை விட்டுவிட்டு எண்ணினான்.

சுவைலிம் இறங்கிப் போனான். அவன் கால் பட்டு உருண்ட சரளைக்கல் நெடுநேரம் கேட்டது. பிறகு காற்று மட்டும்தான். அந்த உச்சியில் அடிக்கிற காற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதவில்லாத இடத்தில் கதவைத் தட்டும்.

முஸல்லத்தின் கடைக்கும் கதவு இல்லை, ஒரு கோணிப் படுதாதான்.

போன வருடம், இதே மாதம், இதே குளிரில், அந்தப் படுதாவுக்கு வெளியே ஒருவன் வந்து நின்றான். மெலிந்த இளைஞன், தனியாக வந்தவன். எந்த நாட்டுக்காரன் என்று முஸல்லத்துக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. எங்கள் வழக்கம் அது. இரவில் போர்த்திக்கொள்ள ஒன்று கேட்டு வந்தவனுக்கு, வேறு இல்லையென்றால், உன் போர்வையில் பாதி. மூன்று நாளைக்கு அவன் பெயரையோ ஊரையோ கேட்கக் கூடாது. எங்கள் மலையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். பிறக்கும் முன்பே தெரியும் என்பவர்களும் உண்டு, அவர்கள் சுவைலிமின் வகையறா.

அந்த இளைஞன் எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்துக் கற்றவன். வாக்கியத்தை முழுதாக, இலக்கணம் பிசகாமல், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலப் பேசினான்.

"ஐயா, போர்த்திக்கொள்ள ஏதேனும் கிடைக்குமா?"

எல்லாப் போர்வையும் போய்விட்டிருந்தது. ஒன்றைத் தவிர. அந்த ஒன்று, பச்சைக் கோடு போட்டது, முஸல்லத்தின் மேலேயே இருந்தது. அப்போதுதான் சூடேறி, கண் சொருகத் தொடங்கிய நேரம். எழ வேண்டும், படுதாவை விலக்க வேண்டும், முன்பின் தெரியாதவனுக்குப் பக்கத்தில் இடம் கொடுக்க வேண்டும். படுத்தபடியே, இல்லை, தீர்ந்துவிட்டது என்றான்.

வெளியே இருந்தவன் கோபப்படவில்லை. ஏதோ உரிக்கும் சத்தம் கேட்டது. படுதாவின் ஓரத்தால் ஒரு கை உள்ளே வந்தது. கையில் பாதி ஆரஞ்சு.

முஸல்லம் அதை வாங்கித் தின்றான்.

"விடிவதற்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது, ஐயா?"

இரவு ஒன்றரை மணி. விடிய ஐந்து மணி நேரம் இருந்தது. அதைச் சொன்னால் அவன் மறுபடியும் கேட்பான்.

"கொஞ்ச நேரந்தான்," என்றான் முஸல்லம்.

காலையில் ஆளைக் காணோம். இறங்கிப் போயிருப்பான் என்று போர்வையை மடித்து வைத்தான். பதினோரு நாள் கழித்து, ஆடு தேடிப் போன ஒருத்தி மேற்குப் பக்கப் பாறை இடுக்கில் அவனைப் பார்த்தாள். காற்று படாத மூலை என்று நினைத்து இறங்கியிருக்க வேண்டும். கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கிழக்குப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான். முகத்துக்கு எதிரே இரண்டு சாண் தூரத்தில் பாறைச் சுவர். போலீஸ் வந்து எல்லாரையும் கேட்டது. முஸல்லம், பார்க்கவே இல்லை என்றான். சந்தேகம் வந்திருந்தால் பெரியவர்கள் பழுக்கக் காய்ச்சிய கரண்டியை நக்கச் சொல்லியிருப்பார்கள், பொய்யனின் நாக்கு பொத்துப்போகும். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆரஞ்சின் ருசி மட்டும் அதைவிட்டுப் போகவில்லை.

நள்ளிரவு தாண்டியதும் டார்ச் விளக்குகள் ஏறி வந்தன. கீழே வளைவுகளில் ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ ஒரு தீக்கயிற்றை மெல்ல மேலே இழுப்பது போல. பிறகு மூச்சிரைப்புகள், இருமல்கள், இன்னும் எத்தனை படி என்ற புலம்பல்கள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு யாரையோ சபிக்கும் ஒரு தடித்த மனிதர். பஸ் கூட்டம் வந்து சேர்ந்தது. முஸல்லம் ஒவ்வொரு போர்வையாக எடுத்து நீட்டினான். அவர்கள் சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போய், கிழக்குப் பக்கத் திட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கட்டு கரைந்து தரை தெரிந்தது.

கடைசியாக ஹம்தா வந்தாள். முன்னால் இரண்டு டீச்சர்கள், பின்னால் மனால் என்ற மூத்த டீச்சரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இவள். மனாலின் தோளில் இருந்தது ஹம்தாவின் கோட்டு. ஹம்தா வெறும் சட்டையும் முக்காடுமாக, பல் கிட்டுவதை மறைக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். ஆனாலும் கண் சிரித்தது. வழியில் ஒருத்தரும் தடுக்கி விழவில்லை என்று பெருமையாகச் சொன்னாள். ஒரு ஒட்டகக்காரன் மட்டும், விருந்தாளிகளை ஆட்டுக்கு வழிகாட்டுவது போலக் கூட்டிப் போகிறாயே என்று கேட்டானாம். ஆட்டுக்கு வழி தெரியும் மாமா, உங்களுக்குத்தான் காட்டணும் என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

கட்டில் மிச்சம் இருந்த மூன்று போர்வைகளை டீச்சர்களுக்குக் கொடுத்தான்.

"வாப்பா, எனக்கு ஒண்ணு இருக்கா?"

சுவரோரத்தில் அது இருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில். அதன் சூடு இடுப்பில் படுவதை, அடுப்பின் பக்கத்தில் நிற்பது போல, உணர முடிந்தது. அதை எடுத்து மகளின் மேல் போர்த்த அவன் கை வரவில்லை.

"இல்லம்மா. தீந்துபோச்சு."

சொன்ன பிறகுதான், அதே வார்த்தை என்று உறைத்தது. அவசரமாகத் தன் தடித்த அங்கியைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினான். கடைக்குள்ளேயே இரு என்றான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். விருந்தாளிகள் வெளியே இருக்க வழிகாட்டி உள்ளே இருப்பதா, நாளைக்கு யார் பேச்சு கேட்பது என்று சொல்லிவிட்டு உச்சிக்கு ஏறிப் போனாள்.

முஸல்லம் விளக்கைத் தணித்தான். அங்கி இல்லாத குளிர் எலும்பில் ஏறியது. மெத்தையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பின்னால் போர்வை சூடாக இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. மேலே யாரோ பாட முயன்று பாதியில் விட்டார்கள். யாரோ செல்போனில் பேட்டரி செத்துவிட்டது என்றார்கள். பிறகு ஒவ்வொரு குரலாக அடங்கியது. காற்றும் அடங்கியது. அந்த மலையில் காற்று முழுதாக அடங்கி அவன் கேட்டதே இல்லை. தகரம் முனகவில்லை. படுதா அசையவில்லை. தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது மட்டும், தூரத்தில் மணல் சரிவது போலக் கேட்டது.

அப்புறம் உரிக்கும் சத்தம்.

மெல்ல, பொறுமையாக. நகம் தோலுக்குள் இறங்கி, ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

படுதாவுக்கு வெளியே.

"விடிவதற்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது, ஐயா?"

முஸல்லம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். ஓத வேண்டிய வேத வசனத்தை நினைத்தான், முதல் சொல்லுக்குப் பிறகு நினைவு வரவில்லை. படுதாவின் அடியில் இரண்டு நிழல் விரல்கள் தெரிந்தன. ஒருவேளை அவை கோணியின் பிரிந்த நூலாகவும் இருக்கலாம். வாசனை உள்ளே வந்தது. புளிப்பும் இனிப்புமாக, எச்சில் ஊற வைப்பதாக.

"கொஞ்ச நேரந்தான்," என்றது அவன் வாய்.

"நல்லது," என்றது வெளியே. காலடிகள் படியேறிப் போயின. உச்சியை நோக்கி.

கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்றரை.

அவன் படுதாவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். நெடுநேரம் கழித்து, ஒரு பெரிய ரொட்டி வெந்து இறங்குகிற நேரத்துக்கும் மேல் கழித்து, மறுபடியும் பார்த்தான். ஒன்றரை. குளிரில் கடிகாரம் நின்றிருக்கும் என்று காதில் வைத்தான். ஓடிக்கொண்டிருந்தது. படுதாவை விலக்கி மேற்கே பார்த்தான். இடுப்புப் பட்டை போல வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களும் மேற்குப் பாறைக்கு மேலே ஒன்றரைச் சாண் உயரத்தில் இருந்தன. அவற்றை வைத்து நேரம் சொல்வதில் அவன் தவறியதே இல்லை. கையை நீட்டி அளந்தான். நூறு வரை எண்ணினான். ஐந்நூறு வரை எண்ணினான். அளந்தான்.

ஒன்றரைச் சாண்.

ஆயிரம்.

ஒன்றரைச் சாண்.

கொஞ்ச நேரம் என்று சொல்லியிருந்தான். அந்தக் கொஞ்ச நேரம் நகரவில்லை.

அப்போதுதான் மகள் நினைவு நெஞ்சில் அறைந்தது. சுவரோரம் கை விட்டுப் பச்சைக் கோட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டு படியேறினான். பன்னிரண்டு படிதான். அன்று அவன் எண்ணியது அதைவிட அதிகம்.

உச்சியில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலை முதல் கால் வரை சுற்றிய உருவங்கள், கிழக்குப் பார்த்து. ஒரு இருமல் இல்லை. குறட்டை இல்லை. உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கி வைத்தது போல. டார்ச்சை முகத்தில் அடிப்பது மரியாதை இல்லை, தரையில் அடித்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கடந்தான். தன் அங்கியைக் கண்டுபிடித்தான். குனிந்து, ஹம்தா, என்றான். அங்கிக்குள் இருந்தது மனால் டீச்சர். போர்வைக்கு மேல் அங்கியும் போர்த்தி, கன்னம் சூடாக, குழந்தை போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஹம்தா அதையும் கொடுத்துவிட்டாள். வேறென்ன செய்வாள், அவன் வளர்த்த பெண்.

மேற்கே பேச்சுக் குரல் கேட்டது.

திட்டின் மறுபக்கம், பாறை இடுக்குக்கு இறங்கும் இடத்தில், இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று ஹம்தாவின் முக்காடு. இன்னொன்று மெலிந்த முதுகு, நேராக நிமிர்ந்தது. அவள் ஏதோ தின்றுகொண்டிருந்தாள்.

"வாப்பா, வந்துட்டீங்களா. இவரு பாவம், எப்பவிருந்தோ தனியா உக்காந்திருக்காரு. போத்திக்க ஒண்ணும் இல்ல. ஆரஞ்சு குடுத்தாரு."

அந்த முதுகு திரும்பவில்லை. திரும்பிவிடக் கூடாது என்று முஸல்லம் கால் விரலை மடக்கிக்கொண்டு நின்றான்.

"உள்ள வாம்மா," என்றான். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "எந்திரி. கடைக்குப் போவோம்."

"விருந்தாளிய விட்டுட்டு எப்பிடி வர்றது? நீங்கதானே பெரியவங்க முன்னால சொன்னீங்க, ஒரு அடி நகர மாட்டான்னு." அவள் சிரித்தாள். வாயிலிருந்து ஆவி வரவில்லை. "வாப்பா, இவருக்கு உங்களத் தெரியுமாம். உங்களுக்கு இவரத் தெரியுமா?"

அந்த மெலிந்த முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. காது கொடுப்பது போல.

அவன் நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. தெரியும் என்று சொன்னால் போதும். எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள். சொல்ல வேண்டும். படுத்தபடியே சொன்ன பொய்யை, வாங்கித் தின்ற பாதியை, போலீஸிடம் சொன்னதை, எல்லாவற்றையும் மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் நாளைக்கும் அவனை வாப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். இவ்வளவுதான். இதற்கு மேல் அவன் இழக்க வேறு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சொல். அவள் எழுந்து வந்துவிடுவாள்.

"தெரியாது," என்றான்.

முதுகு தளர்ந்தது.

முஸல்லம் போர்வையை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பேர் மேலும் சேர்த்துப் போர்த்தினான். தலையோடு. கையை எடுத்ததும் காற்று திரும்பி வந்தது. தகரம் முனகியது. பின்னால் யாரோ இருமினார்கள், யாரோ காலை நீட்டிக்கொண்டு முனகினார்கள். மேற்கே பார்த்தான். மூன்று நட்சத்திரங்களும் கீழே இறங்கியிருந்தன. ஒரு சாண். அப்புறம் நாலு விரல்.

அவன் அழுதான். கொடுத்துவிட்டோம், இதற்காகத்தான் வந்தான், வாங்கிக்கொண்டு போய்விடுவான் என்று சொல்லிச் சொல்லி அழுதான். பத்தடி தள்ளி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, விடியும்வரை அந்தப் போர்வையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பச்சைக் கோடுகள் இருட்டில் கறுப்பாக இருந்தன, பிறகு சாம்பலாக. உள்ளே இரண்டு தலைகள் தெரிந்தன. ஒரு நேரத்தில் அவை நெருங்கி இருந்தன. ஒரு நேரத்தில் எத்தனை என்று சொல்ல முடியவில்லை.

பின்னால் கூட்டம் எழுந்தது. முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு கைதட்டல், பிறகு பத்து மொழியில் பத்து விதமான ஆச்சரியம். முழங்காலைச் சபித்துக்கொண்டு வந்த தடித்த மனிதர் இப்போது படைத்தவனைப் புகழ்ந்துகொண்டிருந்தார். மனால் டீச்சர் ஹம்தாவைத் தேடிக் கூப்பிடுவது கேட்டது. சூரியன் வந்துவிட்டது. முஸல்லத்தின் பிடரியில் சூடு பட்டது. அவன் நிழல் முன்னால் நீண்டு, இறங்கி, பச்சைக் கோட்டுப் போர்வையின் மேல் ஏறியது. மேற்குப் பாறை முழுக்கச் செம்பாகப் பளபளத்தது.

போர்வை அசையவில்லை.

அதன் மேல் உறைபனி படிந்திருந்தது. வெயில் பட்டும் உருகவில்லை.

"ஹம்தா," என்றான். "எந்திரிம்மா. விடிஞ்சிருச்சு."

கல்லிலிருந்து எழுந்தான்.

கிட்டே போனான். மண்டியிட்டான். ஓரத்தைப் பிடித்து, அவள் முகம் தெரியும் அளவுக்கு விலக்கினான். நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஹம்தா அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கண் திறந்திருந்தது. வெயில் அவள் இமையில், கருவிழியில், நேராக விழுந்தது. இமைக்கவில்லை. இருட்டில் ஆளைத் தேடுவது போல அவனுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் பார்த்தாள். கை வெளியே வந்தது. நகங்கள் நீலம். உள்ளங்கையில் பாதி ஆரஞ்சு.

அவள் குரல்தான். அவளுடைய அதே குரல். பெற்ற நாளிலிருந்து கேட்ட குரல்.

"ஐயா," என்றாள். "விடிவதற்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?"

பின்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வெளிச்சத்துக்கு நடுவில், மகளிடம் சொல்ல முஸல்லத்துக்கு வேறு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"கொஞ்ச நேரந்தாம்மா," என்றான்.

அவள் நல்ல பிள்ளையாகத் தலையசைத்தாள். பாறைச் சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காத்திருக்கத் தொடங்கினாள்.

அவளுக்கு அப்பால், போர்வையின் மறு ஓரம் மெல்ல விலகியது. உள்ளிருந்து யாரோ அதைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு.

உள்ளே சூடாக இருந்தது.